கதவைத் தட்டாமல் வரும் போலீஸ்: அமெரிக்காவில் நம்மவர்கள் கண்டதும் பட்டதும்

தொடங்கியவர்:

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு நடுத்தர நகரம். சமீபத்தில் எங்கள் எதிர் வீட்டுக்குள் போலீஸ் தட்டாமல் கதவை உடைத்துப் புகுந்ததை எழுதுகிறேன். இதுபோல் பார்த்தவர்களும் பட்டவர்களும் தயவுசெய்து எழுதுங்கள்.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம், எங்கள் சுவரே அதிர்ந்தது. கேஸ் வெடித்துவிட்டது என்றுதான் என் மனைவி நினைத்தாள். கதவிலுள்ள துளை வழியாகப் பார்த்தால் புகையும் டார்ச் வெளிச்சமும்தான். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "போலீஸ்" என்று சொல்லித்தான் கத்தினார்களாம். பத்தடி தள்ளி விழித்துக்கொண்டு நின்ற எனக்கே புரியவில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படிப் புரியும்?

அந்த வீட்டில் இருப்பது ஒரு நர்ஸும் அவருடைய வயதான அம்மாவும். போலீஸ் தேடிய ஆள் அவர்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர், காலி செய்து பல மாதம் ஆகிவிட்டது. குடியிருப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த அம்மாவை நைட்டியோடு, கைகளைப் பின்னால் கட்டி, படிக்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். என் மனைவி சால்வை எடுத்துக்கொண்டு போனாள். கிட்டே வரக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள்.

விடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். பூட்டு உடையவே இல்லை. கதவின் மரநிலைதான் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. பூட்டின் நாக்கு போய் மாட்டும் இரும்புத் தகடு, திருகுகளோடும் மரச் சிராயோடும் வராந்தாவில் கிடந்தது. கதவைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்று நர்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒருவரும் வாய் திறப்பதாக இல்லை.

மினியாபொலிஸிலிருந்து:

அண்ணா, அந்த அம்மா உயிரோடு இருக்கிறாரே, அதுவே பெரிய விஷயம். எங்கள் ஊரில் 2022 பிப்ரவரி 2 அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அமீர் லாக், 22 வயதுப் பையன். உறவினர் வீட்டு சோபாவில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். போலீஸ் சாவி போட்டுத் திறந்து, கத்திக்கொண்டே உள்ளே வந்து, சோபாவை எட்டி உதைத்தார்கள். அவன் போர்வையோடு எழும்போது கையில் துப்பாக்கி இருந்தது. அதற்கு முறையான அனுமதி வைத்திருந்தான். நுழைந்து பத்து வினாடி ஆவதற்குள் சுட்டுவிட்டார்கள். வீட்டைச் சோதனையிட நீதிபதி கொடுத்த வாரண்டில் அவன் பெயரே கிடையாது.

அந்த வாரக் கடைசியில் நடந்த ஊர்வலத்துக்கு நானும் என் கணவரும் போனோம். உறைய வைக்கும் குளிர். எங்களுக்குப் பக்கத்தில் நடந்த ஒரு பாட்டி, "என் பேரனும் சோபாவில்தான் தூங்குவான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏப்ரலில், சுட்டவர்மீது வழக்குப் போட முடியாது என்று அரசுத் தரப்பு அறிவித்துவிட்டது.

டெக்சாஸிலிருந்து:

நான் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிறேன். இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள், சட்டமும் அனுமதிக்கிறது. நடுராத்திரியில் கதவை உடைத்துக்கொண்டு வருபவன் திருடன் என்று நினைத்துச் சுட்டால், வந்தது போலீஸாக இருந்தால், அப்புறம் என்ன ஆகும்? எங்கள் மாநிலத்திலேயே இரண்டு வழக்குகள் உண்டு. 2013 டிசம்பரில் பர்ல்சன் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒருவர் சுட்டதில், அந்தக் கவுண்டி போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தின் காவலர் ஒருவர் இறந்தார். தன்னையும் கர்ப்பிணியான தன் துணையையும் காக்கவே சுட்டதாக அவர் தரப்பு சொன்னது, வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி கொலைக் குற்றம் சாட்டவே மறுத்துவிட்டது. 2014 மே மாதம் கில்லீனில் இதேபோல் ஒரு துப்பறியும் அதிகாரி இறந்தார். சுட்டவர் விசாரணை தொடங்கவே ஒன்பது வருஷத்துக்கு மேல் சிறையில் காத்திருந்தார், 2023இல் ஆயுள் தண்டனை. முதல் வழக்கில் சுட்டவர் வெள்ளையர், இரண்டாவதில் சுட்டவர் கறுப்பர். நம் தோல் நிறத்தை எந்தப் பக்கம் சேர்ப்பார்கள் என்று நான் யோசிக்காத நாளில்லை.

இரண்டிலும் செத்தது போலீஸ்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. தட்டிவிட்டு வாசலில் நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். நான் இப்போது துப்பாக்கியைத் தலைமாட்டில் வைப்பதில்லை, பெட்டகத்தில் பூட்டி வைக்கிறேன்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்:

சட்டம் என்ன சொல்கிறது என்று பலர் கேட்பதால் சொல்கிறேன். தட்டி, யாரென்று அறிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும், அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. ஆபத்து வரும், தடயம் அழிந்துவிடும் என்று நம்பக் காரணம் இருந்தால் விலக்கு உண்டு. போதைமருந்து வழக்கு என்றாலே விலக்கு என்று பொதுவாகச் சொல்லக் கூடாது என்று 1997இல் தீர்ப்பு வந்தது. ஆனால் 2006இல், தட்டாமல் நுழைந்திருந்தாலும் கிடைத்த தடயத்தை வழக்கில் பயன்படுத்தலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதோடு அந்த விதிக்கு இருந்த பல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்பது என் கருத்து.

தவறு பெரும்பாலும் கதவருகில் தொடங்குவதில்லை, நீதிபதியிடம் கொடுக்கும் காகிதத்தில் தொடங்குகிறது. அட்லாண்டாவில் 2006இல் 92 வயது மூதாட்டி கேத்ரின் ஜான்ஸ்டன் கொல்லப்பட்டார். அவர் ஒரு தடவை சுட்டார், போலீஸ் 39 தடவை சுட்டது. வாரண்ட் பொய் சொல்லி வாங்கியது. அப்புறம் போலீஸே அங்கே கஞ்சாவை வைத்தது. லூயிவில்லில் 2020 மார்ச் 13 அன்று பிரியானா டெய்லர் என்ற பெண் தன் வீட்டிலேயே போலீஸ் சுட்டு இறந்தாரே, அந்த வாரண்டுக்கான மனுவிலும் பொய் இருந்தது என்று துப்பறிவாளர் ஒருவரே பின்னால் ஒப்புக்கொண்டார். அன்று கதவைத் தட்டி அறிவித்தோம் என்றுதான் போலீஸ் சொன்னது. உள்ளே இருந்த அவருடைய காதலரோ, யாரோ கதவை உடைத்துச் சுட்டுவிட்டார்கள் என்று போலீஸ் அவசர உதவி எண்ணான 911க்குப் போன் போட்டு அழுதார். வாசலில் நிற்பது போலீஸ் என்று தெரிந்தவர் போலீஸுக்கே போன் போடுவாரா?

தொடங்கியவருக்கு: கதவைச் சரிசெய்யும் முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வாரண்ட் நகலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள முகவரியையும் வீட்டு எண்ணையும் பாருங்கள். நகராட்சிமீது இழப்பீடு கேட்க முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், சில மாநிலங்களில் அதற்கு ஆறு மாதம்தான் கெடு. 2017இல் எஃப்.பி.ஐ. தவறான வீட்டுக்குள் புகுந்த மார்ட்டின் வழக்கு 2025 ஜூனில்தான் உச்ச நீதிமன்றத்தில் உயிர் பெற்று, கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பியது. அவ்வளவு காலம் இழுக்கும், அதனால் காகிதங்கள் பத்திரம்.

தொடங்கியவர்:

மிக்க நன்றி அக்கா. நர்ஸிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன். தகடு என்னிடம்தான் இருக்கிறது, ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டேன்.