புதுப்பிப்பு: அப்பாவின் உறுமி மேளப் பாட்டு திரும்பக் கிடைத்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவின் உறுமி மேளக் குழு 1994-இல் கைக்காசு போட்டு கேசட்டில் பதிவு செய்த அம்மன் பாட்டை நான் இணையத்தில் ஏற்ற, ஒரு நிறுவனம் அது தன்னுடையது என்று உரிமை கோரிவிட்டது என்று. அந்த நிறுவனம் இப்போது கோரிக்கையை விலக்கிக்கொண்டுவிட்டது!

நடந்தது இதுதான். யாரோ நம் மேளத்தை வெட்டி ஒட்டி ஒரு ரீமிக்ஸ் செய்து அந்த நிறுவனத்தின் வழியாக வெளியிட்டிருக்கிறார்கள். ஒலியை ஒப்பிடும் மென்பொருளுக்கு எது முதலில் வந்தது என்று தெரியாது, பதிவேட்டில் இருப்பதுதான் அதற்கு அசல், அதனால் ரீமிக்ஸை அசல் என்றும் நம் பாட்டை நகல் என்றும் எடுத்துக்கொண்டது. ஆட்சேபம் போட்டேன், கூடவே கேசட் அட்டையின் படம். மஞ்சள் கறை படிந்த அட்டை, ஓரத்தில் வருஷம், ஆறு பேர் பெயர், நாலாவது அப்பா.

இன்னொன்று, பாட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டு, அதாவது நம்முடையதற்கு 2044 வரை. பாட்டு வரிகளை எழுதிய தாத்தா தவறிவிட்டார், பாட்டுக்கான உரிமை அவர் பிள்ளைகளுக்குச் சேரும், அவர்களிடமும் பேசிவிட்டேன். அரசிடம் பதிவு செய்யாமலே உரிமை உண்டு, ஆனாலும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்ப அறிவிப்பு (இது நம் படைப்பு என்று நாமாகவே தெரிவிப்பது) கொடுக்கலாம், அடுத்த வாரம் கொடுக்கப் போகிறோம்.

ரீமிக்ஸ் இன்னும் இணையத்திலேயே இருக்கிறது. நீக்கச் சொல்லவில்லை, ஆறு பேர் பெயரையும் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன்.