பந்துக்கும் பந்துக்கும் நடுவில்: டிவியில் பேஸ்பால் பார்த்த அனுபவங்கள்

எடிசன், நியூ ஜெர்சி

2023 மே மாதம் அப்பா திருநெல்வேலியிலிருந்து எங்களிடம் வந்தார். ஆறு மாதம் இருந்தார். சாயங்காலம் ஏழு மணி ஆனால் நானும் அவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நான் நியூ யார்க் அணியான மெட்ஸின் ரசிகன். அப்பாவுக்குக் கிரிக்கெட் உயிர். பேஸ்பால் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆங்கில வர்ணனை வேகமாகப் போனால் அவருக்குப் பிடிபடாது. அப்படியும் மூன்றே வாரத்தில் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான் இல்லை, பின்னால் இருக்கும் கேமராதான். சென்டர் ஃபீல்டிலிருந்து, அதாவது பேட்டருக்கு நேர் எதிரே மைதானத்தின் தூரத்து ஓரத்திலிருந்து, எடுக்கும் அந்த ஒரே சட்டகத்தில் பந்து போடுகிற பிட்சரின் முதுகு, பேட்டர், அவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருக்கும் கேட்சர், அவனுக்குப் பின்னால் அம்பயர் என்று நாலு பேரும் தெரிவார்கள். ஒரு பந்து முடிந்து அடுத்த பந்து வரும்வரை அப்பா அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "ஏல, கேட்சர் கிளவ்ஸ வெளிப்பக்கம் கொண்டுபோறான் பாரு. அவன் அங்கதான் போடச் சொல்லுதான்" என்பார். பந்து அங்கேதான் வரும். அந்த வருஷம்தான் பிட்ச் கிளாக், அதாவது பிட்சர் பந்து போட வேண்டிய நேரத்தைக் காட்டும் கடிகாரம், வந்திருந்தது. பேட்டிங் அணி ஆள் ஓடிச் சேரும் பேஸில் யாரும் இல்லையென்றால் அப்போது 15 நொடி, இருந்தால் 20 நொடி. எட்டு நொடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும். அப்பா அந்த எண்ணையும் சேர்த்துப் பார்ப்பார். "எட்டு வந்துட்டு, இன்னும் நிமிரல பாரு."

மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து உண்மையிலேயே ஓடுவது சுமார் 18 நிமிடம்தான் என்று 2013-ல் ஒரு அமெரிக்க நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. அதைப் படித்துவிட்டு நிறைய பேர் பேஸ்பாலைக் கேலி செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்து ஓடாத நேரத்தில்தான் இந்த ஆட்டமே இருக்கிறது. அடுத்த பந்து வேகமாக வருமா, வளையுமா, ஃபீல்டர் ஏன் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தான் என்று பார்ப்பவன் கணக்குப் போடுவது அப்போதுதான். ஆங்கிலம் பிடிபடாத அப்பா அந்த நேரத்தைப் பார்த்துத்தான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்.

இன்னிங்ஸ் இடைவேளை விளம்பரத்தால் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. ஒன்பது இன்னிங்ஸும் இரண்டு பக்கமும் முழுதாக ஆடினால் நடுவில் 17 இடைவேளை. ஒவ்வொன்றும் 2 நிமிடம் 15 நொடி. கூட்டினால் 38 நிமிடம். பிட்சரை மாற்றினால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் ஆட்டக்காரர்களும் இடம் மாறத்தான் வேண்டும். நாமும் எழுந்து ஒரு காபி போட்டுவிட்டு வரலாம். ஓவருக்கு ஓவர் விளம்பரம் பார்த்துப் பழகிய அப்பாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு வார இறுதியில் உள்ளூர் ஒளிபரப்பு இல்லை, நாடு முழுக்கக் காட்டும் பெரிய சேனலில்தான் ஆட்டம் வந்தது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். கோச் பிட்சர் நிற்கும் மேட்டுக்குப் போய் அவனிடம் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசுகிறார். அந்த நேரம் பார்த்துத் திரை சுருங்கி ஓர் ஓரத்துக்குப் போனது, மீதி இடத்தில் ஒரு லாரி மலையேறியது. திரும்பி வந்தபோது முதல் பந்து போயே போய்விட்டது. ஸ்கோர் கட்டத்தில் பேட்டருக்கு எதிராக ஒரு ஸ்ட்ரைக் ஏறியிருந்தது. அடுத்த இன்னிங்ஸில் அவுட்ஃபீல்டில் நிற்கிற பையன் காதில் கருவியை மாட்டி, அவனிடம் இரண்டு வர்ணனையாளர்கள் அவன் நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிட்சர் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான், திரையில் நாய்க்குட்டிப் படம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆடுத பையன்கிட்ட எதுக்குல பேசிக்கிட்டிருக்கானுவ? பந்து போடுதவனப் பாக்க விட மாட்டேங்கானே."

அன்று நான் சத்தத்தை அணைத்துவிட்டேன். அதுவும் சரிப்படவில்லை. மட்டையில் பந்து படுகிற சத்தமும் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து போய்விட்டன. வர்ணனையை மட்டும் குறைத்து மைதானச் சத்தத்தை வைத்துக்கொள்ள ஒரு பொத்தான் ரிமோட்டில் இருந்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

அப்புறம் அந்தச் செயற்கை விளம்பரம். பேட்டருக்குப் பின்னால் இருக்கும் பலகையில் கணினியால் எழுத்தை ஒட்டுகிறார்கள். மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது, டிவியில் மட்டும்தான். பேட்டர் மட்டையை ஆட்டும்போது சில நேரம் மட்டையின் நுனி அந்த எழுத்துக்குள் கரைந்துபோய்த் திரும்பி வரும். ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு கண் அங்கேயே போகும்.

சூதாட்ட விளம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியது. எங்கள் நியூ ஜெர்சி செய்த மேல்முறையீட்டில்தான் அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகு விளம்பரத்தில் மட்டுமல்ல, ஆட்டத்தின் நடுவிலேயே பந்தய விகிதம் திரையில் வருகிறது. என் ஒன்பது வயது மகன் தாத்தாவிடம், "அந்தப் பிளஸ் 150 என்றால் என்ன தாத்தா?" என்று கேட்டான். அப்பாவுக்குத் தெரியாது, என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்துப் பார்க்கிற ஆட்டத்தில் இதைக் காட்டக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நல்லதையும் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் மெட்ஸின் மைதானமான சிட்டி ஃபீல்டில் அட்லாண்டா பிரேவ்ஸோடு ஆட்டம். ஆட்டத்தை முடித்து வைக்கும் மெட்ஸ் பிட்சர் எட்வின் டியாஸ், மாற்றுப் பிட்சர்கள் தயாராகும் புல்பென்னிலிருந்து ஓடி வருகிறார். வழக்கமாக அந்த நேரத்தில் விளம்பரம் ஓடும். மெட்ஸ் ஆட்டங்களைக் காட்டும் எஸ்என்ஒய் சேனலின் ஒளிபரப்பை இயக்கிய ஜான் டிமார்சிகோ அன்று விளம்பரத்துக்குப் போகாமல் டியாஸின் பின்னாலேயே கேமராவை அனுப்பினார். டிரம்பெட் முழங்குகிறது, மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கிறது, கேமரா அவர் தோளுக்குப் பின்னாலேயே மேடுவரை போகிறது. வர்ணனையாளர்கள் கேரி கோஹன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூன்று பேருமே 2006-லிருந்து அந்தச் சேனலின் வர்ணனை அறையில் சேர்ந்து உட்காருகிறவர்கள். எப்போது பேச வேண்டும், எப்போது கூடாது என்று அவர்களுக்குத் தெரியும். மறு வருஷம் டியாஸ் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. அதனால் அப்பாவுக்கு அந்தப் பதிவைத்தான் போட்டுக் காட்டினேன். "இன்னொரு மட்டம் போடு" என்றார்.

உங்களுக்கெல்லாம் எப்படி? மற்ற ஊர்களில் எப்படிக் காட்டுகிறார்கள்?

ஒசாகா, ஜப்பான்

உங்கள் அப்பா சொன்னதைப் படித்ததும் எனக்கு இங்கே வந்த முதல் வருஷம் ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் பேஸ்பால் பேசாவிட்டால் மதிய உணவின்போது பேச வேறு எதுவுமே இல்லை, அதனால் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நாள் எட்டாவது இன்னிங்ஸ், ஸ்கோர் சமம், இரண்டு அவுட். மணி ஒன்பதை நெருங்கியது. வர்ணனையாளர் பணிவாக, "நேரம் முடிந்துவிட்டதால் இத்துடன் விடைபெறுகிறோம்" என்று சொன்னார். அடுத்த நொடி ஒரு நாடகம் ஆரம்பித்தது! நான் ரிமோட்டில் ஏதோ தவறாக அழுத்திவிட்டேன் என்றே நினைத்தேன். பெரிய சேனல்களில் இது வெகு காலமாக உள்ள வழக்கம் என்று பக்கத்து வீட்டுத் தாத்தா பிறகு சொன்னார்.

அவர்தான் சன் டிவியைக் காட்டிக்கொடுத்தார். நம் ஊர் சன் டிவி இல்லை, கோபேயிலிருந்து ஒளிபரப்பாகும் சிறிய உள்ளூர் சேனல். 1969-லிருந்து இந்தப் பகுதி அணியான ஹான்ஷின் டைகர்ஸ் ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை, எத்தனை மணி ஆனாலும், காட்டுகிறார்கள். விளம்பரம் உண்டு. ஆனால் பாதியில் விட்டுவிட்டு ஓடுவதில்லை. இந்த ஊர்க்காரர்கள் அந்தச் சேனலைத் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பேசுவதற்கு அதுதான் காரணம். 2023-ல் டைகர்ஸ் 38 வருஷம் கழித்து ஜப்பான் சீரிஸ் என்னும் இறுதித் தொடரை ஜெயித்தபோது அந்தத் தாத்தா அழுததை நான் பார்த்தேன்.

விளம்பரமே இல்லாமல் பார்க்க வேண்டும் என்றால் ஆகஸ்டில் ஜப்பானின் பொதுச் சேனலான என்எச்கேயில், கோஷியன் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டி பாருங்கள். இன்னிங்ஸ் மாறும்போது வேறு எங்கும் போகாது. பையன்கள் ஓடி வந்து இடம் பிடிப்பதும், பள்ளி வாத்தியக் குழு அடுத்த பாட்டுக்குக் கொம்புகளை உயர்த்துவதும், தோற்கும் பக்கத்தில் ஒரு பிட்சர் துண்டால் முகத்தைத் துடைப்பதும் அப்படியே தெரியும். வர்ணனையாளர் பையனின் பெயரைச் சொல்வார், பந்தைச் சொல்வார், அதோடு சரி. ஆகஸ்ட் 15 மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தி, சங்கு ஊத, எல்லாரும் தொப்பியைக் கழற்றிப் போரில் இறந்தவர்களுக்காகத் தலை குனிந்து நிற்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் திரையில் யாரும் பேசுவதில்லை. சில்வண்டுச் சத்தம் கேட்கும்.

டி மொய்ன், அயோவா

எனக்கு விளம்பரமும் பிரச்சினை இல்லை, வர்ணனையும் பிரச்சினை இல்லை. ஆட்டமே வராததுதான் பிரச்சினை. இங்கே ஒரு பெரிய லீக் அணிகூட இல்லை. ஆனால் கப்ஸ், வைட் சாக்ஸ், கார்டினல்ஸ், ராயல்ஸ், ட்வின்ஸ், புரூவர்ஸ் ஆறு அணிக்கும் அயோவா "உள்ளூர்" கணக்கில் வந்தது. உள்ளூர் அணியின் ஆட்டத்தை அந்த இணையச் சந்தாவில் காட்ட மாட்டார்கள் என்பதால், பணம் கட்டியும் அந்த ஆறு ஆட்டமும் இருட்டாகத்தான் இருந்தது. பக்கத்திலிருக்கும் பெரிய லீக் மைதானத்துக்கே மூன்று மணி நேரக் கார் பயணம். மனசு வெறுத்துச் சந்தாவை விட்டுவிட்டு ரேடியோவுக்கு மாறினேன். கோடையில் குழந்தைகளை இங்கே அயோவா கப்ஸ் ஆடும் பிரின்சிபல் பார்க்குக்குக் கூட்டிப் போவேன். மைனர் லீக்தான். ஆனால் பந்து கையுறையில் விழுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

பசடேனா, கலிஃபோர்னியா

வின் ஸ்கல்லியைப் பற்றி யாரும் எழுதவில்லையே, நான் எழுதுகிறேன். 1950-லிருந்து 2016 வரை, 67 சீசன் டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு வர்ணனை சொன்னவர். பக்கத்தில் இன்னொருவர் கிடையாது. தனியாக உட்கார்ந்து உங்களிடம் மட்டும் பேசுகிற மாதிரி பேசுவார். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு யாரையும் தெரியாது. அவர் குரலில்தான் நான் அமெரிக்க ஆங்கிலம் பழகினேன். ஒரு பேட்டர் வந்தால் அவனுடைய தாத்தா எந்த ஊரில் என்ன வேலை பார்த்தார் என்று ஆரம்பிப்பார். நடுவில் பந்து வரும், அதைச் சொல்வார், விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். எங்கள் ஆச்சி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கதை சொல்வது அப்படித்தான் இருக்கும். கதையும் நிற்காது, கையும் நிற்காது.

முக்கியமான நேரத்தில் அவர் பேசவே மாட்டார். 1986 உலகத் தொடர் என்னும் இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டப் பதிவைத் தேடிப் பாருங்கள், மெட்ஸ் நண்பருக்குத் தெரிந்திருக்கும். பந்து எதிரணி ஃபீல்டர் பக்னரின் காலுக்கு நடுவே போகிறது, மெட்ஸ் ஜெயிக்கிறது. ஸ்கல்லி அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மூன்று நிமிடத்துக்கும் மேல் வாயே திறக்கவில்லை. கூட்டத்தை மட்டும் கேட்க விட்டார். இன்றைக்கு அந்த மூன்று நிமிடத்துக்குள் எத்தனை பேர் பேசியிருப்பார்கள், எத்தனை கட்டங்கள் திரையில் வந்துபோயிருக்கும்!

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. 2014-ல் டாட்ஜர்ஸ் ஆட்டங்கள் புதிய சேனலுக்குப் போயின. கேபிள் கம்பெனிகளுக்குள் விலை படியாததால் லாஸ் ஏஞ்சலஸில் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சேனல் வரவே இல்லை, எங்கள் வீட்டிலும்தான். அவருடைய கடைசி மூன்று வருஷம் அப்படியே போயிற்று. 2016-ல் கடைசி ஆறு ஆட்டங்களை மட்டும் எல்லா வீட்டிலும் வரும் கேடிஎல்ஏ என்ற உள்ளூர் சேனலில் போட்டார்கள். ஆறையும் பார்த்தேன். மற்றபடி முதல் மூன்று இன்னிங்ஸுக்கு அவர் குரல் ரேடியோவிலும் வரும். சமையலறை ஜன்னலில் ரேடியோவை வைத்துக்கொண்டு அந்த மூன்று இன்னிங்ஸ் முடிவதற்குள் ரசத்தை இறக்கிவிடுவேன்.

எடிசன், நியூ ஜெர்சி

பசடேனா அக்கா, அந்த 1986 பதிவை நேற்று ராத்திரி முழுதாகப் பார்த்தேன். நன்றி.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். இங்கே 7:10-க்கு ஆட்டம் ஆரம்பித்தால் திருநெல்வேலியில் விடிகாலை 4:40. அவர் எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார். வீடியோ காலில் வருவார், நான் போனை டிவியைப் பார்த்து நிறுத்தி வைப்பேன். இன்னிங்ஸ் முடிந்து விளம்பரம் வந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டுப் போனை என் பக்கம் திருப்புவேன். சர்க்கரை எவ்வளவு இருந்தது, மோட்டார் சரியாயிற்றா, பேரன் சாப்பிட்டானா என்று எல்லாம் அந்த 2 நிமிடம் 15 நொடியில்தான். பேச்சு எங்கே இருந்தாலும் சரி, திடீரென்று, "ஏல, திருப்பு திருப்பு, போடப் போறான்" என்பார்.