விருது விழாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இங்கே வாருங்கள்

செம்பூர் பேனா:

திறந்தவெளி மைதானம், மும்பைத் தமிழர்களுக்கான விருது விழா, தொலைக்காட்சியில் நேரலை. எழுதியது நான். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்ததிலிருந்து வெளியரங்க விழாக்களின் தலையெழுத்து அதுதான். சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதம். ஒன்பது மணிக்கு மேடைக்குப் பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து கியூ ஷீட்டை, அதாவது எது எப்போது வரும் என்ற தாளை, வெட்டினேன். நடனம் ஒன்று போனது. ஏ.வி., அதாவது திரையில் ஓடும் காணொளி, இரண்டு போயின. ஏற்புரைக்குத் தொண்ணூறு வினாடி என்று இருந்த இடத்திலெல்லாம் நாற்பது என்று திருத்தினேன். "40 வினாடி. இசை. ஆங்கர் லிங்க் 31." பச்சை மையில் எழுதியது. லிங்க் என்றால் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஆங்கர் பேசுகிற வரிகள்.

வாழ்நாள் விருது ஓர் ஒப்பனைக்காரருக்கு. தாராவிக்காரர், எண்பதைத் தாண்டியவர், மாட்டுங்கா பக்கத்து நாடகங்களில் ராஜாக்களுக்கெல்லாம் மீசை ஒட்டியவர். மைக் முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்தார், போட்டுக்கொண்டார். இன்னொரு பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து, நீவி, தொண்டையைச் செருமினார்.

நாதஸ்வரம் ஒலித்தது. சரியாக நாற்பதாவது வினாடி.

அது தனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். நிகழ்ச்சி 9.57க்கு முடிந்தது. நேரத்துக்கு முடித்தேன் என்று எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள்.

கன்சோல் பழசு:

இதில் எழுதியவர் மேல் என்ன குற்றம்? பேசுகிறவர் இன்னும் வாயே திறக்கவில்லை என்று திரையில் தெரிகிறது, அப்போதும் பொத்தானை அழுத்தியவரைக் கேளுங்கள். நான் பதினாறு வருடம் கன்சோலில், விழாவின் ஒலியையும் இசையையும் இயக்குகிற மேசையில், உட்கார்ந்தவன். அந்தேரியில் ஒரு விழாவில் எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. ஒரு நடிகையின் பேச்சு நடுவில் இசை போட்டோம், அவர் மைக்கைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

ஆனால் புதிதாக எழுத வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். ஆஸ்கரில் நாற்பத்தைந்து வினாடி என்கிறார்கள். 1943இல் நடிகை கிரீர் கார்சன் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசியதை இன்றும் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனவே நேரக் கட்டுப்பாடு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதைத் தாளில் எழுதுங்கள். மைக்குக்கு வந்ததிலிருந்தா, முதல் சொல்லிலிருந்தா? வயதானவர் என்றால் படியேற முப்பது வினாடி தனியாக வையுங்கள். எதை வெட்டலாம் என்பதை விழா நடுவில் யோசிக்காதீர்கள். முதல் நாளே குறித்துவிடுங்கள். ஒவ்வொரு லிங்கையும் மூன்று நீளத்தில் எழுதுங்கள்: நீளம், குறுக்கம், ஒரே வரி. திருத்திய தாளை வேறு நிறக் காகிதத்தில் எடுங்கள், பழைய தாளைக் கையிலிருந்து பிடுங்குங்கள். ஆங்கர் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் மேடையேற விடாதீர்கள். விருந்தினருக்குச் சோறு போட்ட பிறகுதான் விருது என்றால் அந்த வேலையையே ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அண்டாப் ஹில்:

மூன்று நீளத்தில் எழுதச் சொல்கிற அண்ணாச்சி மூன்று மடங்கு சம்பளம் வாங்கித் தருவாரா?

என் கதை டெலிப்ராம்ப்டர், ஆங்கர் பார்த்துப் படிக்க வரிகளை உருட்டிக் காட்டுகிற திரை. நவி மும்பையில் ஓர் உள்ளரங்கு. ப்ராம்ப்டர் ஓட்டியது ஒரு மராத்திப் பையன், கெட்டிக்காரன், ஆனால் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. இந்தி விழா என்றால் ஆங்கர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே உருட்டுவான். தமிழில் எங்கே படிக்கிறார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு எழுத்துரு உடைந்துவிட்டது. கொம்பும் காலும் கழன்று, "கொ" இருந்த இடமெல்லாம் ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, நடுவில் புள்ளிவட்டம். பாதியை ஒத்திகையில் சரிசெய்தோம்.

நிகழ்ச்சி முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரி முடிவிலும் அவன் தோளைத் தட்டினேன். தட்டினால் ஒரு வரி நகரும். இரண்டு மணி நேரம் ஒரு பிசகும் இல்லை. பிறகு ஆங்கருக்கு உற்சாகம் வந்து தன் பாட்டியைப் பற்றிச் சொந்தமாக ஒரு கதையை ஆரம்பித்தார். அரங்கமே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பில் என் கை அவன் தோளில் நாலைந்து முறை பட்டுவிட்டது போலிருக்கிறது. ஆங்கர் பாட்டியை முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபோது அங்கே அஞ்சலிப் பகுதி நின்றது. அவர் நிறுத்தாமல் படித்தார்: "அவர்கள் இன்று நம்மோடு இல்லை." அவருடைய பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கோரேகான் மருமகள்:

சிரிக்கிற நிலையில் நான் இல்லை, என்னுடையதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குறும்பட விருதுகள். முடிவு எனக்கே தெரியாது, உறை நடுவரிடம். ஆகவே ஐந்து பேருக்கும் ஐந்து லிங்க் எழுதினேன். மதியம் ஒத்திகை. ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெயரை எடுத்துக் கொடுத்தேன். ஆங்கர் முழு உணர்ச்சியோடு அறிவித்தார், ஒளி சுழன்றது, இசை எழுந்தது.

அந்தப் பையன் நான்கு மணிக்கே வந்து கடைசி வரிசையில் இருட்டில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் தேநீர் எடுக்க வெளியே போனபோது அவன் நடைபாதையில் சுவரைப் பார்த்து நின்றபடி போனில் பேசிக்கொண்டிருந்தான். "அம்மா, கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே, இன்னும் அறிவிக்கவில்லை." திருநெல்வேலிப் பேச்சு. சொல்லியிருக்கலாம் இல்லையா? தேநீர்க் கோப்பை சுட்டது, உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

இரவு வேறு பெயர் வந்தது. அவன் எழுந்து நின்று கைதட்டினான். நான் எழுதிய மூன்றாவது லிங்க் இன்னும் என் கணினியில் இருக்கிறது. ஐந்தில் அதுதான் நன்றாக வந்திருந்தது.

கன்சோல் பழசு:

ஆஸ்கர் ஒத்திகையில் "இந்த ஒத்திகைக்கு மட்டும்" என்று சொல்லித்தான் பெயரை வாசிப்பார்கள். அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும். உறை விஷயமும் அப்படித்தான். 1940இல் பத்திரிகைக்கு முன்கூட்டிக் கொடுத்த பட்டியலை லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் விழாவுக்கு முன்பே அச்சிட்டுவிட்டது. மறு வருடத்திலிருந்து முத்திரையிட்ட உறை. அவ்வளவு காவல் இருந்தும் 2017இல் சிறந்த நடிகைக்கான உறையின் இன்னொரு பிரதி கைமாறி, சிறந்த படம் மூன்லைட் என்பதற்குப் பதில் லா லா லேண்ட் என்று அறிவித்தார்கள். அந்த அட்டையில் விருதின் பெயர் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அட்டையும் ஸ்கிரிப்ட்தான், அதையும் நாம்தான்...

கோரேகான் மருமகள்:

அந்த ஒரு வரி எனக்கு அன்று தெரியாது சார். தெரிந்திருந்தால் இங்கே எழுத என்ன இருக்கிறது?

அண்டாப் ஹில்:

எழுத்தே வேண்டாம் என்று விட்டுவிடலாம். 2023இல் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி விருது விழா ஸ்கிரிப்ட் இல்லாமலே நடந்தது. தொகுப்பாளர் அரியானா டிபோஸ் வெற்றுத் தாள்களைப் புரட்டிக் காட்டிவிட்டு ஆடத் தொடங்கினார். நம் பக்கத்தில் அப்படிச் செய்தால் வரவேற்புரையே பத்து மணிவரை போகும். அது கிடக்கட்டும். செம்பூர்க்காரரே, அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? பிறகு விசாரித்தீர்களா?

செம்பூர் பேனா:

போனேன். இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருது அலமாரியில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது, பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. விழாவுக்கு எழுதியவன் என்றேன். உட்காரச் சொன்னார், காபி வந்தது. நாதஸ்வரம் வாசித்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டார். அது பதிவு செய்த இசை என்று சொல்ல வாய் வரவில்லை, தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். நன்றாக வாசித்தார் என்று மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னார். தாளைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கிளம்பும்போது, உனக்குச் சம்பளம் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். பாதி வந்தது என்றேன்.