தொட்டு வாசிக்கும் இசைக் காட்சி: பிள்ளைகள் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி:
ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கு இசைக் காட்சி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். தொடுதிரையில் பன்னிரண்டு கட்டங்கள், தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம், ஒலி புளூடூத் ஸ்பீக்கரில் வரும். வைத்துப் பார்த்தால், பிள்ளைகள் நாலு தட்டு தட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் விளக்கப் பலகையை ஒருவர்கூடப் படிக்கவில்லை. எங்கே கோளாறு?

கம்பிக்காரன்:
முதலில் அந்த புளூடூத்தைக் கழற்றுங்கள். அதில் ஒலி 100 மில்லி செகண்டுக்கு மேல் தாமதமாவது சாதாரணம். பாட்டுக் கேட்பவருக்குத் தெரியாது, வாசிக்கிற கைக்கு உடனே தெரியும். வயரில் இணைத்து முடிந்தவரை 10 மில்லி செகண்டுப் பக்கம் கொண்டுவரப் பாருங்கள், ஆனால் தொடுதிரையே கொஞ்சம் தாமதிக்கும் என்பது வேறு விஷயம். அப்புறம் பன்னிரண்டு சுரம் எதற்கு? மோகன ராகம் மாதிரி ச ரி க ப த ஐந்து போதும், எப்படிக் கலந்து தட்டினாலும் காதைக் குத்தாது.

குழாய்ப் பிரியன்:
நான் திரையையே தூக்கிவிடச் சொல்வேன். இரண்டு பக்கமும் திறந்த பி.வி.சி. குழாயை வெட்டி நிறுத்தி, வாயை ரப்பர் செருப்பால் அடிக்கவிடுங்கள். அடித்த செருப்பை எடுக்காமல் அப்படியே அழுத்தி வைத்தால் 65 செ.மீ. குழாய் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ் தரும், பட்டென்று எடுத்துவிட்டால் அதே குழாய் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி (கீழ் ச-விலிருந்து மேல் ச அளவுக்கு) மேலே போகும்! மூடிய குழாய்க்கும் திறந்த குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், பலகை வேண்டாம். வெட்டும்போது கொஞ்சம் நீளமாக விட்டு, பிறகு சுதி பார்த்துத் தேயுங்கள். பக்கத்திலேயே தட்டி வாசிக்கும் மரச்சட்டங்களும் வைக்கலாம்: குழாயின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி ஏறும், சட்டத்தை அதே தடிமனில் பாதியாக்கினால் இரண்டு ஏறும். சட்டத்தை இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22 சதவீதம் தள்ளித் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் 'டொக்' என்று செத்த சத்தம்தான்.

மூலையில் ஒருவன்:
நாள் முழுக்க அங்கே காவலுக்கு நிற்பவரையும் நினைத்துப் பாருங்கள் ஐயா. மூன்று பக்கமும் தடுப்பு, உள்ளே தடித்த துணி. கூரையையும் விடாதீர்கள், சத்தம் அங்கே பட்டுத்தான் அடுத்த அறைக்குப் போகும்.

கேட்டவர்:
சரி, குழாய்க்கே போகிறேன். செருப்பு எத்தனை நாள் தாங்கும்?

குழாய்ப் பிரியன்:
கிழிவதற்கு முன்னால் காணாமல் போகும். கயிற்றில் கட்டுங்கள், கயிறு கழுத்தில் சுற்றாத அளவுக்குக் குட்டையாக.