புதிதாக வந்தவனுக்கு 18 சதவீதம்தானாம்!

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 8:40

பொங்கல் விழா இழையில் டல்லாஸ் துரை சார் போகிற போக்கில் ஒன்றை எறிந்துவிட்டுப் போனார். "இங்கே இருக்கிற லத்தீனோக்களுக்கு, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு, மனக்கஷ்டம் என்பது பேராசிரியர்கள் கட்டிய கதை. மெக்சிகோவிலிருந்து புதிதாக வந்தவனுக்கு மனநோய் 18 சதவீதம், இங்கேயே பிறந்தவனுக்கு 48 சதவீதம். அப்புறம் என்ன பாகுபாடு, என்ன குடியேற்ற அழுத்தம்?" நல்ல நாளில் வம்பு எதற்கு என்று கரும்புப் படத்துக்கு ஒரு லைக் போட்டுவிட்டு நகர்ந்தேன். இரண்டு நாளாக மனசு கேட்கவில்லை.

நான் இங்கே ஒரு கிளினிக்கில் பதினொரு வருடமாக ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். வருகிற பெண்கள் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கம் இல்லை, அப்புறம் "நெர்வியோஸ்". நம் ஊரில் நரம்புத் தளர்ச்சி என்பார்களே, அதே ரகம். குடியேற்றப் பேப்பர் இல்லாதவர்களைக் கைது செய்ததாக டிவியில் செய்தி வந்த வாரம் காத்திருப்பு அறையில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். பள்ளி, தேவாலயம், மருத்துவமனைப் பக்கம் போய்ப் பிடிக்க வேண்டாம் என்று இருந்த பழைய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

சாருக்கு எண்தான் பிடிக்கும் என்றால் இதோ. 2008 மே 12, ஐயோவாவில் போஸ்ட்வில் என்ற குட்டி ஊர். இறைச்சி ஆலைக்குள் நூற்றுக்கணக்கான குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்தார்கள். பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். அடுத்த 37 வாரங்களில் மாநிலம் முழுக்க லத்தீனா தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை, முந்தைய வருடம் அதே காலத்தில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். எடை குறைவாகப் பிறக்கும் ஆபத்து 24 சதவீதம் அதிகம். வெள்ளைக்காரத் தாய்மார்களிடம் அந்த ஏற்றம் இல்லை. அமெரிக்காவிலேயே பிறந்த, யாரும் நாடு கடத்த முடியாத லத்தீனா பெண்களுக்கும் அதே கதைதான். பயம் பாஸ்போர்ட்டைப் பார்த்து வருவதில்லை, சார்.

துரை_டல்லாஸ் | இரவு 9:02

என் பெயரைத் தலைப்பில் போடாமல் விட்டதற்கு நன்றி.

நான் எண் சொன்னேன். நீங்கள் காலி நாற்காலியைக் காட்டுகிறீர்கள். 1998-ல் வெளிவந்த, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ கவுண்டி ஆய்வு, வேகா குழுவினர் செய்தது. மெக்சிக வம்சாவளியினர் 3,012 பேர். வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு வந்தவர்கள்: அமெரிக்காவில் பிறந்தவர்களில் 48.1 சதவீதம், குடியேறியவர்களில் 24.9. வந்து 13 வருடம் ஆகாதவர்களில் வெறும் 18.4. நான் புள்ளியியலில் முதுகலை படித்தவன், வாட்ஸப்பில் வந்ததை எடுத்துப் போடுகிற ஆள் இல்லை.

அழுத்தம்தான் காரணம் என்றால் அழுத்தம் அதிகம் உள்ளவனுக்குத்தானே நோயும் அதிகம் இருக்க வேண்டும்? புதிதாக வந்தவனுக்கு மொழி இல்லை, பேப்பர் இல்லை, வேலை நிரந்தரம் இல்லை. ஆனால் 18.4. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எடை குறைந்த குழந்தை மனநோயா?

மெய்யப்பன்_சான்ஹோசே | இரவு 9:15

ஒரு சின்ன சந்தேகம். லத்தீனோ என்று யாரைச் சொல்கிறோம்? போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். கியூபாக்காரர்களுக்கு 1966-லேயே கிரீன் கார்டுக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. குவாத்தமாலா மலைக்கிராமத்து மாயன் ஆளுக்கு ஸ்பானிஷே இரண்டாவது மொழி. எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி? முதலில் இதைத் தீர்த்துக்கொண்டு பேசலாமே.

துரை_டல்லாஸ் | இரவு 9:19

அகராதி போடுவது தமிழ் வளர்ச்சித் துறையின் வேலை. 18.4-க்கு வாருங்கள்.

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 9:31

வருகிறேன். அதே ஆய்வில், அதே வரிசையில், 13 வருடமும் அதற்கு மேலும் இங்கே இருந்தவர்களுக்கு 32.3 என்று போட்டிருக்கிறதே, அந்த எண்ணை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? 18.4-ஆக வந்தவன் இங்கே இருக்க இருக்க 32.3 ஆகிறான், அவன் பிள்ளை 48.1 ஆகிறது. வந்த இடம் அவனுக்கு என்ன செய்தது என்று கேட்பீர்களா, வரும்போது நன்றாகத்தானே இருந்தான் என்பீர்களா? பாலைவனத்தை நடந்து கடக்கிறவன் திடமான ஆள்தான். சோர்ந்தவன் ஊரைவிட்டே கிளம்பியிருக்க மாட்டான். இன்னொன்று, பேப்பர் இல்லாதவன் வீட்டுக் கதவைத் தட்டி "உங்களுக்கு மனநலக் கோளாறு உண்டா" என்று முன்பின் தெரியாத ஆள் கேட்டால் என்ன சொல்வான்?

துரை_டல்லாஸ் | இரவு 9:44

32-ம் 48-ஐ விடக் கம்மிதானே அம்மணி. ஊரிலிருந்து வந்தவன் எத்தனை வருடம் ஆனாலும் இங்கே பிறந்தவனை விட நன்றாக இருக்கிறான். இது குடும்பக் கட்டுக்கோப்பு. பாட்டி, மாமா, சித்தி என்று கூட்டமாக இருந்த வரைக்கும் நோய் இல்லை. வசதி வந்து தனித்தனி அறை வந்ததும் நோய் வந்தது. இதற்குப் பாகுபாடு என்று பெயர் வைத்துப் பழியை அரசாங்கத்தின் மேல் போடுகிறீர்கள்.

நானும் குடியேறியவன்தான். ஒரு நாட்டுக்காரர்களுக்கு வருடத்தில் 7 சதவீத கிரீன் கார்டுதான் என்ற உச்சவரம்பில் மாட்டிக்கொண்டு பதினாலு வருடம் கிரீன் கார்டு வரிசையில் நின்றேன். போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் கிடைக்காதோ என்ற பயத்தில் அப்பா காரியத்துக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. எனக்கு எந்த டிப்ரஷனும் வரவில்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் புல் வெட்ட வருகிறவர் ஒருவர் இருக்கிறார். ஹோண்டுராஸ் என்று நினைக்கிறேன். பாட்டுப் பாடிக்கொண்டேதான் வேலை செய்வார். அவரை விடச் சந்தோஷமான மனிதரை நான் பார்த்ததில்லை.

ஊர்க்குருவி_மதுரை | இரவு 9:58

துரை அண்ணே, கிரீன் கார்டு பற்றி இந்த மன்றத்தில் நீங்கள் போட்ட பதிவுகளைச் சும்மா தேடிப் பார்த்தேன். 412. பாதிக்கு மேல் உங்கள் ஊர் நேரப்படி இரவு இரண்டு மணிக்குப் போட்டது. மனநலம் பிரமாதம்.

துரை_டல்லாஸ் | இரவு 10:01

மதுரையில் ஜிகர்தண்டா குடித்துக்கொண்டு அமெரிக்கா பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம் தம்பி. 2019-ல் நான் உன் கட்டுரையில் பிழை காட்டியதிலிருந்து உனக்கு என் மேல் காய்ச்சல். எனக்குத் தெரியும்.

ஊர்க்குருவி_மதுரை | இரவு 10:03

அது பிழை இல்லை, ஒற்று மிகாத இடம். இன்றைக்கும் சொல்கிறேன், மிகாது.

செல்வி_மனநலம் | இரவு 10:20

நான் மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. ஃப்ரெஸ்னோ எண்களில் குடி, போதைப் பழக்கமும் சேர்த்தி. வெறும் மனச்சோர்வுக் கணக்கு இல்லை அது. அப்புறம் அது மெக்சிக வம்சாவளிக்கு மட்டும். பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ நான்கு ஊர்களில் 16,000-க்கு மேற்பட்ட லத்தீனோக்களை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் மொத்தத்தில் 27 சதவீதம். மெக்சிகோக்காரர்களிடம் 22.3, போர்ட்டோ ரிக்கோக்காரர்களிடம் 38. மெய்யப்பன் சார் கேட்டது நல்ல கேள்வி.

துரை_டல்லாஸ் | இரவு 10:26

டாக்டரம்மாவுக்கு நன்றி! எனக்காகவே வந்து சொன்ன மாதிரி இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோக்காரன் குடிமகன். அவனை எந்த அதிகாரியும் நாடு கடத்த முடியாது. அவனுக்குத்தான் 38. அப்படியானால் விசா பயம், பேப்பர் பயம் எல்லாம் காரணமே இல்லை என்று ஆகவில்லையா? கற்பகம் அம்மணி எங்கே போய்விட்டார்?

செல்வி_மனநலம் | இரவு 10:34

இல்லை சார். பேப்பர் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவே இல்லை. வறுமை, நிறம், உச்சரிப்பைக் கேட்டதும் மாறுகிற முகம், இவற்றுக்கெல்லாம் குடியுரிமை மருந்தாகாது. பேப்பர் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்க, நாடு கடத்துவதைத் தள்ளிவைக்கிற டாக்கா (DACA) திட்டம் இருக்கிறது. சிறு வயதில் பேப்பர் இல்லாமல் வந்தவர்களுக்கு 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அறிவித்தது. அன்றைக்கு 31 வயது முடியாதவர்களுக்கு மட்டும். 1981 ஜூன் மாதம் ஒரு தேதிக்கு முன்னால் பிறந்தால் கிடையாது, பின்னால் பிறந்தால் உண்டு. மற்றபடி இரண்டு தாய்மார்களும் ஒன்றுதான். ஓரிகான் மாநிலத்தில் அப்படிப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். எல்லாம் இங்கேயே பிறந்த குழந்தைகள். பதற்றம், சூழலோடு ஒத்துப்போக முடியாத கோளாறு என்று மருத்துவர் எழுதியது, தாய்க்குத் தகுதி இருந்த வீடுகளில் 7.8-லிருந்து 3.3 சதவீதமாக இறங்கியிருந்தது. அம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்பது பிள்ளையின் உடம்புக்குத் தெரிகிறது.

துரை_டல்லாஸ் | இரவு 10:41

ஓரிகான் ஒரே ஒரு மாநிலம். அதை வைத்து நாட்டையே அளக்கக் கூடாது.

மெய்யப்பன்_சான்ஹோசே | இரவு 10:42

ஃப்ரெஸ்னோ ஒரே ஒரு கவுண்டி, சார்.

துரை_டல்லாஸ் | இரவு 10:50

3,012 பேர்! எண்ணிக்கையைப் பாருங்கள். 18.4. இதுவரைக்கும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 11:05

எங்கேயும் போகவில்லை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பதில் சொல்லியாயிற்று, உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. அந்தப் புல் வெட்டுகிறவர் பாடுகிறார் என்றீர்களே, உங்களிடம் வந்து அழ வேண்டுமா? உங்களுக்கு ஸ்பானிஷ் எவ்வளவு தெரியும்?

துரை_டல்லாஸ் | இரவு 11:08

கிராசியாஸ் தெரியும். புன்னகைக்கு மொழி தேவையில்லை. இப்போது மூன்று வாரமாக அவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. டல்லாஸ் பக்கம் வேறு ஆள் யாராவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லவும்.

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 11:09

மூன்று வாரமாக வரவில்லையா?

துரை_டல்லாஸ் | இரவு 11:11

ஊருக்குப் போயிருப்பார். எதையும் கோர்த்துப் பேச வேண்டாம்.

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 11:24

நான் எதையும் கோர்க்கவில்லை. இந்த மாதிரி பயம் பிடித்தால் அவர்கள் "சுஸ்தோ" என்பார்கள். நம்மிடம் பயந்த கோளாறு என்று சொல்லிக் குழந்தைக்கு மந்திரித்துக் கயிறு கட்டுகிறோமே, அதேதான். நாட்டு வைத்தியக்காரி முட்டையை உடம்பு முழுக்கத் தடவி எடுத்து, தண்ணீரில் உடைத்துப் பார்ப்பாள். கிளினிக்குக்கு வருவதற்கு முன்னால் பாதிப்பேர் அங்கேதான் போய்விட்டு வருகிறார்கள். அந்தக் கணக்கு எந்தச் சதவீதத்திலும் வராது.

மரபுச்செல்வன் | இரவு 11:30

முட்டையால் திருஷ்டி கழிப்பது நம் மரபே கிடையாது. உப்பு, மிளகாய், கடுகு. தயவுசெய்து ஒப்பிட வேண்டாம்.

ஊர்க்குருவி_மதுரை | இரவு 11:33

எங்கள் ஆச்சி முட்டைதான் சுற்றிப் போடும். முச்சந்தியில் உடைக்கும்.

மரபுச்செல்வன் | இரவு 11:35

எந்த ஊர், எந்தத் தெரு என்று சொன்னால் புரியும்.

கற்பகம்_ஹூஸ்டன் | இரவு 11:36

பாகுபாடு என்றால் என்ன என்று துரை சார் விளக்கம் கேட்டிருந்தால் இந்தப் பதிவைக் காட்டியிருக்கலாம். தெரு கேட்கிறார் பாருங்கள்.

துரை_டல்லாஸ் | இரவு 11:40

நான் விளக்கம் கேட்கவில்லை. 18.4 என்றேன்.

மரபுச்செல்வன் | இரவு 11:47

தெரு என்றால் தெரு. எல்லாவற்றிலும் உள்குத்து தேடுகிறவர்களுக்குத்தான் மனநல ஆலோசனை தேவை.

செல்வி_மனநலம் | இரவு 11:52

ஆலோசனை ஒன்றும் வசவு வார்த்தை இல்லை. நாளைக்குக் காலையில் டியூட்டி, நான் கிளம்புகிறேன்.

மட்டுறுத்துநர் | நள்ளிரவு 12:30

முட்டை, உப்பு, மிளகாய் தொடர்பான பதிவுகள் சமையல் பகுதிக்கு மாற்றப்படுகின்றன. தெரு பற்றிய பதிவுக்கு முதல் எச்சரிக்கை.

துரை_டல்லாஸ் | பின்னிரவு 2:14

மட்டுறுத்துநர் கவனத்துக்கு: முழு அட்டவணையோடு நான் போட்ட 18.4 பதிவும் சேர்ந்து சமையல் பகுதிக்குப் போய்விட்டது. அங்கே யாரோ எத்தனை முட்டை என்று கேட்டிருக்கிறார்கள். உடனே இங்கே திருப்பிப் போடவும்.

ஊர்க்குருவி_மதுரை | பின்னிரவு 2:15

413.