ஒரே சப்ரஸரை 9 மி.மீ.க்கும் .45க்கும் மாற்றி மாற்றிப் போடலாமா?

டெக்சாஸ் தம்பி: என்னிடம் இரண்டு கைத்துப்பாக்கிகள்: 9 மி.மீ. க்ளாக் 19 ஒன்று, .45 எச்கே யுஎஸ்பி டாக்டிகல் ஒன்று. சப்ரஸர் (முனையில் மாட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) ஒன்றுதான் வாங்கப் போகிறேன். .45க்கு உரியதை வாங்கி இரண்டிலும் போட்டால் போதாதா?

ராமு அண்ணன்: தாராளமாகப் போதும். 9 மி.மீ. தோட்டாவின் விட்டம் .355 அங்குலம், .45இன் விட்டம் .452. அகலமான துளையில் சின்னது போகும். 9 மி.மீ. சப்ரஸரை .45இல் போட்டால்தான் ஆபத்து. 9 மி.மீ.க்குச் சத்தம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். குழல் முனையின் மரைக்கு ஏற்ற பிஸ்டனை (சப்ரஸரைக் குழலோடு இணைக்கும் பாகம்) மட்டும் மாற்றுங்கள். நான் பல வருடமாக ஒன்றையே வைத்துச் சுடுகிறேன்.

கோபி: அண்ணா, அந்தக் "கொஞ்சம்" சின்ன விஷயமில்லை. சாதாரண 9 மி.மீ. வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவு. 140க்குக் கீழே இறங்கவே இந்தக் குழாயை மாட்டுகிறோம், ஒவ்வொரு டெசிபலும் காதுக்குக் கணக்கு. க்ளாக் 19 சின்னத் துப்பாக்கி. .45 குழாயை மாட்டினால் முன்பக்கம் கனத்துத் தொங்கும், குறிபார்க்கும் முள்ளையும் மறைக்கும். எல்லாரும் ஒரே சப்ரஸரைப் பல துப்பாக்கிக்கும் போட்டதற்கு, அமெரிக்காவில் அதற்கு 1934இல் வந்த 200 டாலர் வரியும் ஒரு காரணம். 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். தனித்தனியாக வாங்குங்கள்.

ராமு அண்ணன்: வரி போனது, குழாயின் விலை போகவில்லையே தம்பி. விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், ஒப்புதல் எல்லாம் இரண்டு முறை. அந்தப் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகினால் கை நிற்கும்.

மீனா: இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். தவறு நடக்கும் இடம் பயிற்சிக் களத்து மேசை. என் நண்பர் 9 மி.மீ. சப்ரஸரை .40 துப்பாக்கியில் மாட்டிச் சுட்டுவிட்டார். .40 தோட்டா 10.16 மி.மீ., உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளின் துளை அதைவிடக் குறுகல். முதல் தகட்டின் ஓரம் பூ மாதிரி விரிந்திருந்ததை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். சாதாரணமாக .40இன் மரை வேறு, அதனால் ஏறாது. அவர் ஒரு அடாப்டர் போட்டு அந்தக் காவலையே எடுத்துவிட்டார்.

கோபி: அதைத்தான் நானும் சொல்கிறேன். தனித்தனியாக இருந்தால் குழப்பம் வராது.

மீனா: இல்லை கோபி. வீட்டில் இருக்கும் ஒரே குழாய் .45ஆக இருந்தால் இந்த விபத்தே நடக்காது. 9 மி.மீ. குழாய் ஒன்று கூட இருந்தால்தான் கை மாறும். இந்த விஷயத்தில் நான் அண்ணன் பக்கம். ஆனால் பூஸ்டர் ஸ்ப்ரிங் (பிஸ்டனோடு வரும் சுருள்வில்) பற்றி அண்ணன் சொல்லவில்லை. சுடும்போது குழல் சாயும் துப்பாக்கிகளுக்கு, க்ளாக்குக்கும் யுஎஸ்பிக்கும், அது வேண்டும். இல்லையென்றால் குழாயின் கனத்தில் ஸ்லைடு (முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) சரியாக ஓடாது. வால்தர் பிபிகே மாதிரி குழல் அசையாத .380 வாங்கினால் ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு ஸ்பேசர் (பிஸ்டனை அசையாமல் பிடிக்கும் வளையம்) போட வேண்டும்.

ராமு அண்ணன்: சரிதான் மீனா, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிஸ்டனை மாற்றும்போதெல்லாம் ஸ்ப்ரிங்கைத் துடைத்துக் கிரீஸ் தடவுங்கள் தம்பி. மாட்டியதும், தோட்டா இல்லாத துப்பாக்கியில், நேர்க்கம்பியைக் குழலுக்குள் விட்டு முனையில் நடுவாக வருகிறதா என்று பாருங்கள்.

டெக்சாஸ் தம்பி: இப்போதுதான் அளந்தேன். க்ளாக் 13.5 மி.மீ., யுஎஸ்பி 16 மி.மீ., இரண்டும் இடது மரை. நல்லவேளை, கடையில் 9 மி.மீ.க்கு அரை அங்குல வலது மரை பிஸ்டனை எடுத்து வைத்திருந்தார்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த இரண்டு மரைக்கும் உரிய பிஸ்டன்களை .45 குழாயோடு கேட்கப் போகிறேன்.