பெயின்ட் தேய்ந்த பழைய தோற்றம்: என் முக்காலி அனுபவம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே ஒரு சின்னச் சுவர் அலமாரியைப் பார்த்தேன். மேலே பச்சை பெயின்ட். நாதாங்கியைச் சுற்றி மட்டும் பச்சை தேய்ந்து அடியிலிருந்த நீலம் தெரிந்தது, நடுவில் கை பட்டுப் பட்டுக் கறுத்த மரம். கீழ்ச் சட்டத்தில் துடைப்பம் உரசி நிறமே போயிருந்தது. கதவின் நடுப்பலகையிலோ ஒரு கீறல்கூட இல்லை.

புதுப் பெயின்ட்டைத் தேய்த்து இந்தப் பழைய தோற்றத்தை வீட்டில் வரவழைக்கிறவர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான்: கை, கால் படும் இடம் மட்டும்தான் தேயும். நான்கு மூலையையும் ஒரே அளவு சுரண்டினால் பழசு மாதிரி இருக்காது, சுரண்டினது மாதிரிதான் இருக்கும்.

நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டு மரமுக்காலி. எங்கே தேய்ப்பது என்று அத்தையிடம் கேட்டேன். "நல்லா இருக்கிற பெயின்ட்டை எதுக்குடி சுரண்டணும்?" என்றார். அப்புறம் அதில் உட்கார்ந்தே காட்டினார். கால் வைக்கும் குறுக்குச் சட்டம், தொடை உரசும் முன்விளிம்பு, தூக்கும்போது விரல் பிடிக்கும் அடிப்பக்கம். மூன்று இடத்திலும் பென்சிலால் குறித்துக்கொண்டேன். கால்களின் அடியையும் சேர்த்துக்கொண்டேன், தரை துடைக்கும் ஈரம் அங்கேதான் முதலில் படும்.

பழைய எனாமல் வழவழவென்று இருந்தால் புது பெயின்ட் பிடிக்காது. சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, 120 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைக்கக்கூடிய உப்புத்தாள்) நனைத்துத் தேய்த்தேன். நனைத்துத் தேய்ப்பதை விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் நிறைய இருக்கலாம். உலரத் தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், குழந்தைகளுக்கு ரொம்ப ஆபத்து. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதல் பூச்சு நீலம். அது நன்றாகக் காய்ந்ததும், குறித்த இடங்களில் மட்டும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தேன். மேல்பூச்சுக்குக் கடையில் சாக் பெயின்ட் (பளபளப்பில்லாத, சுண்ணாம்பு போன்ற பெயின்ட்) வாங்கவில்லை, நானே கலந்துகொண்டேன். மூன்றில் ஒரு கப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை அதே அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கப் பச்சை எமல்ஷனில் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்) கலந்தேன். சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. காய்ந்தால் பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருக்கும். பழைய தோற்றத்தில் பாதி அந்த மங்கலிலேயே வந்துவிடுகிறது.

பச்சை காய்ந்ததும் பட்டித் தகட்டை (சுவருக்குப் பட்டி பூசும் தட்டையான தகடு) மெதுவாக ஓட்டினால் மெழுகு இருந்த இடத்தில் மட்டும் உரிந்து நீலம் எட்டிப்பார்க்கும். உரிந்த ஓரம் செதில் செதிலாக நிற்கும். 220 நம்பர் உப்புத்தாளால் தடவினால் ஒரு நிறம் மற்றதில் கரைகிற மாதிரி ஆகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். குறுக்குச் சட்டத்தின் நடுவில் மட்டும் மரம் வரைக்கும் இறக்கினேன்.

மேலே தேன்மெழுகு பாலிஷ் தடவித் துணியால் தேய்த்ததோடு சரி. எண்ணெய் வார்னிஷ் வேண்டாம், நாளாக நாளாக மஞ்சளடித்து நிறத்தைக் கெடுத்துவிடும். தேன்மெழுகு பாலிஷுக்குப் பதிலாகத் தண்ணீரில் கலக்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிப்பதாக இருந்தால், மிச்சமிருக்கும் மெழுகுவர்த்தி மெழுகை டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் திட்டுத்திட்டாக விலகும்.

அடுத்து ஊஞ்சல் பலகையில் செய்யப்போகிறேன். அதில் ஆள் உட்கார்ந்தே இருப்பார்கள், துணியும் உரசும். மெழுகு பாலிஷ் தாங்குமா, கிளியர் கோட்டுக்கே போய்விடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.